பழைய கம்ப்யூட்டரும் புது லினக்ஸும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பயிற்சிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



இன்றைய கூட்டப் பொருளில் நாலாவதா ஒரு வரி இருக்கு. "அலுவலகக் கம்ப்யூட்டர்: புதிது வாங்குவதா, வேறு வழியா?" என்று எழுதியிருக்கிறோம். கம்ப்யூட்டர் விஷயம் தானே, படிச்ச பொண்ணுங்க பார்த்துக்குவாங்க என்று டீ குடிக்கக் கிளம்பிடாதீங்க அக்கா. அந்தப் பெட்டிக்குள்ளே இருப்பது உங்கள் ஒவ்வொருவரின் பெயர், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், யார் எவ்வளவு உள்கடன் வாங்கியிருக்கிறார், எவ்வளவு பாக்கி என்கிற விவரம். புதுசு வாங்கினால் செலவாகப் போவது நம் பொது நிதி. அதனால் இது எல்லாரும் கேட்க வேண்டிய விஷயம்.

பிரச்சினை இதுதான். நம் அலுவலகத்தில் ஓடுவது விண்டோஸ் 10. 2015-ல் வந்த அந்த விண்டோஸுக்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு வருடம் நீட்டிக்க வழி கொடுத்தார்கள், அதுவும் 2026 அக்டோபர் வரைதான். ஆதரவு நின்றது என்றால் கம்ப்யூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. அது பாட்டுக்கு ஓடும். ஆனால் புதுசாக ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை யாரும் அடைத்துத் தர மாட்டார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்று ஒரு வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது ஞாபகம் இருக்கலாம். ஃபைல்களையெல்லாம் பூட்டு போட்டுவிட்டு, திறக்க 300 டாலர் கொடு என்று கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே திணறிப் போயின. திருத்தம் போடாத விண்டோஸ் கம்ப்யூட்டர்களில்தான் அது புகுந்தது. நம்ம கடன் பேரேட்டை ஒருத்தன் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் எந்தத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எந்தக் கணக்கில் காட்டுவது?

சரி, விண்டோஸ் 11 போட்டுக்கலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் ஓரளவு புதுசாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்றுக்கொள்கிறது. நம்முடையது அதற்கு முந்தியது. பெட்டி நல்லாத்தான் இருக்கு, திரை நல்லா இருக்கு, கீபோர்டில் 'அ' மட்டும் தேய்ஞ்சிருக்கு. வயசு ஆயிடுச்சு என்று ஒதுக்கப் பார்க்கிறார்கள். (இந்த இடத்தில் பெரியவங்க சில பேர் சிரிச்சீங்க. புரியுது.)

எப்படியோ போட்டுத் தருகிறோம் என்று சொல்கிற கடைகள் இருக்கின்றன. பில் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, முந்நூறு ஐந்நூறு வாங்கிக்கொண்டு ஏற்றித் தருவார்கள். அந்த மாதிரித் திருட்டுப் பிரதியில் கூடவே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு ரூபாய்க்கும் வவுச்சர் கேட்கிற நாம், பில் இல்லாத சாஃப்ட்வேரில் கணக்கு எழுதுவது அழகில்லை. ஆடிட்டர் கேட்டால் பதிலும் இல்லை.

அப்புறம் இருப்பது மூன்றாவது வழி. அதைத்தான் நாங்கள் ஒரு மாதமாகப் பயன்படுத்திப் பார்த்தோம். அதன் பெயர் லினக்ஸ் மின்ட்.

முதலில் லினக்ஸ் என்றால் என்ன? கம்ப்யூட்டரை ஆன் பண்ணியதும் எழுந்து நின்று, கீபோர்டு, திரை, பிரிண்டர், ஃபைல்கள் எல்லாவற்றையும் மேய்க்கிற அடிப்படை சாஃப்ட்வேரைத்தான் இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் ஒரு இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. 1991-ல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற கல்லூரி மாணவர் தொடங்கி வைத்தார். அதற்கும் முன்னாலேயே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் எல்லாரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய சாஃப்ட்வேர் வேண்டும் என்று குனூ என்ற திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் பேசுவது. பயப்படாதீங்க, ஏற்கெனவே நீங்கள் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள்தான். உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றில் ஓடுவது லினக்ஸ்.

'ஓப்பன் சோர்ஸ்' என்றால் என்ன என்று பலர் கேட்டீர்கள். நம் குழுவின் கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் கூட்டத்தில் எடுத்துத் திறந்து பார்க்கலாம். இந்த வரவு எங்கேன்னு கேக்கலாம், தப்பு இருந்தா காட்டலாம். ஊரில் சீட்டு பிடிக்கிறவரின் நோட்டை அப்படிப் பார்க்க முடியுமா? நோட்டு அவர் கையில், நமக்கு வாய்வார்த்தை. ஓப்பன் சோர்ஸ் என்பது திறந்த பேரேடு. உலகத்தில் தெரிந்தவர்கள் யாரும் உள்ளே பார்க்கலாம், பிழையைச் சொல்லலாம், திருத்தியும் தரலாம். இலவசம் என்பது அதோடு கூட வருகிற லாபம்.

இது நம்ம தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. 2007-ல் சென்னை சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தன் அலுவலகக் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். பிறகு 2011-ல் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வந்தபோது, அதில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆன் பண்ணியதும் கறுப்புத் திரையில் எது வேண்டும் என்று கேட்கும். ஞாபகம் வருதா? எத்தனை வீட்டில் பிள்ளைகள் அதைத் தெரியாத்தனமாக அமுக்கிவிட்டு, லேப்டாப் கெட்டுப் போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்! கடையில் முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். இயந்திரத்தைக் கொடுத்த வேகத்தில் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் போனதுதான் குறை என்பது எங்கள் கருத்து. பக்கத்துக் கேரளத்தில் வேறு மாதிரி செய்தார்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து, பாடத்தையே லினக்ஸில் வைத்தார்கள். இன்று கைட் என்கிற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2023-ல் நம் பாதுகாப்பு அமைச்சகம்கூட விண்டோஸுக்குப் பதிலாக மாயா என்கிற, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்துக்கு மாற முடிவு செய்தது.

லினக்ஸில் பல வகை உண்டு. அரிசியில் பொன்னி, ஐ.ஆர்.20 மாதிரி. அதில் மின்டை ஏன் எடுத்தோம்? 2006-ல் தொடங்கியது, உபுண்டுவின் மேல் கட்டியது. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி, மேசையில் ஃபோல்டர் என்று விண்டோஸ் பழகியவர்களுக்கு இடம் மாறாமல் இருக்கும். ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து வருடம் திருத்தங்கள் தருகிறார்கள். 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு இலேசான வகை இருக்கு, பழைய பெட்டிக்கு அதுதான் சரி. ரொம்ப ரொம்பப் பழைய 32 பிட் கம்ப்யூட்டருக்கு மட்டும் இப்போதைய மின்ட் ஏறாது.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். 4 ஜிபிக்கு மேல் உள்ள பென்டிரைவில் மின்டை ஏற்றி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணும்போது எஃப்12 அல்லது அந்தக் கம்பெனி சொல்கிற பொத்தானை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலே லினக்ஸ் திரையில் வந்து நிற்கும். வைஃபை வருதா, சவுண்டு கேக்குதா, பிரிண்டர் எடுக்குதா என்று அங்கேயே பார்த்துவிடலாம். புடவையைக் கடையிலேயே தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி. பிடிக்கலைன்னா பென்டிரைவைப் பிடுங்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பழையபடி விண்டோஸ்.

இந்த ஒரு மாதம் எப்படிப் போச்சு என்று உள்ளபடி சொல்கிறோம்.

கணக்கு வேலை தடங்கல் இல்லாமல் நடந்தது. மின்டோடு லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பு தானாகவே வருகிறது. வேர்டுக்குப் பதில் ரைட்டர், எக்ஸெலுக்குப் பதில் கால்க். நம் சேமிப்பு, கடன் அட்டவணைகள் அப்படியே திறந்தன, கூட்டல் சூத்திரங்களும் வேலை செய்தன. வங்கிக்கு அனுப்பும்போது எக்ஸெல் ஃபைலாகவோ பிடிஎஃப் ஆகவோ சேமித்து அனுப்பினோம். வேர்டில் கட்டம் கட்டமாக அலங்கரித்த சில கடிதங்களில் மட்டும் வரிகள் கொஞ்சம் இறங்கிப் போயின, சரி செய்ய வேண்டியிருந்தது. இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ் இருக்கு. வங்கி இணையதளம் அதில் வழக்கம்போலவே திறந்தது.

தமிழ்தான் நிறைய நேரம் எடுத்துக்கொண்டது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பழைய அறிக்கைகள், இந்தச் செய்திமடலின் பழைய இதழ்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. அந்த ஃபான்ட் இல்லாத எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கொசகொசவென்று இங்கிலீஷ் எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். விண்டோஸிலும் இதே கதைதான், லினக்ஸ் மேல் பழி போடக்கூடாது. காரணம் என்னவென்றால், அந்தக் காலத்து எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்து இருந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துக்கொண்டவை. நமக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு அது தமிழ் என்றே தெரியாது. அதனால் பெயரைத் தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படி அடுக்கவும் முடியாது. யுனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கென்றே சொந்த எண்கள் உண்டு. தமிழக அரசும் 2010-ல் யுனிகோடை ஏற்றுக்கொண்டது. இலவச மாற்றிகள் கொண்டு பழைய ஃபைல்களை யுனிகோடுக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு உறுப்பினர் பெயர்களை ஒவ்வொன்றாக அசல் பதிவேட்டோடு ஒப்பிட்டோம், ஏனென்றால் கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் வங்கியில் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். நாலு சாயந்திரம் பிடித்தது. இந்த வேலையை விண்டோஸிலேயே இருந்தாலும் ஒருநாள் செய்துதான் ஆகணும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 இருக்கு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை அது. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணிய அக்காக்களுக்குப் பழைய தட்டச்சு முறையும் உண்டு. 'அம்மா'வுக்கு இங்கிலீஷில் ஏஎம்எம்ஏஏ என்று அடிக்கிறவர்களுக்கு அதுவும் உண்டு. மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். எல்லாம் தமிழாகிவிடாது, அங்கங்கே இங்கிலீஷ் எட்டிப் பார்க்கும். மொழிபெயர்த்தவர்கள் யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை, தன்னார்வலர்கள். தமிழில் படிக்க வேண்டுமென்றால் கணியம் என்ற பெயரில் 2012 முதல் இணைய இதழ் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் து. நித்யா என்கிற பெண் எழுதிய எளிய தமிழ்த் தொழில்நுட்ப நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு விஷயம் சிலருக்கு எரிச்சலா இருந்தது. புதுசா எதை நிறுவினாலும் பாஸ்வேர்டு கேட்கிறது. "நம்ம கம்ப்யூட்டர்ல நமக்கே பாஸ்வேர்டா?" என்று கேட்டார் ஒரு தங்கை. வங்கியில் பணம் எடுக்க ஊக்குநர் கையெழுத்து மட்டும் போதுமா? பிரதிநிதியும் போட வேண்டும் இல்லையா? அதே கதைதான். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து ஒன்று நமக்குத் தெரியாமல் உள்ளே போய் உட்கார முடியாது. அதற்காக லினக்ஸில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஓடிபி கேட்கிறவனிடம் நாமே சொன்னால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

இனி, எதுக்கு ஆகாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். டேலி விண்டோஸுக்கென்று செய்தது. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளுக்குப் பகுதி நேரமாக டேலியில் கணக்கு எழுதிக் கொடுக்கும் நம் சகோதரிகள் அந்தக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். கைரேகை வைக்கும் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இரண்டுக்கும், அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கா என்று முதலில் பார்க்கணும், எல்லாத்துக்கும் கிடையாது. பிரிண்டரும் அப்படியே. ஹெச்பி மாடல்கள் பெரும்பாலும் சொருகியதுமே எடுக்கும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் முரண்டு பிடிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், பழைய அரசு லேப்டாப் மாதிரியே.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டது முக்கியமான கேள்வி. "எம் பொண்ணு வேலைக்குப் போற இடத்துல எம்எஸ் ஆபீஸ் தெரியுமான்னு தானே கேக்கறாங்க? இத கத்துக்கிட்டு என்ன பண்றது?" கேட்கிறார்கள், உண்மை. பொண்ணு எக்ஸெலையும் தெரிஞ்சுக்கட்டும். கால்க்கில் கூட்டலும் வரிசைப்படுத்துதலும் கற்றவளுக்கு எக்ஸெலில் அதே வேலையைப் பிடித்துக்கொள்ள நாள் கணக்கில்தான் ஆகும். இன்னொரு பக்கம், பெரிய கம்பெனிகளின் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2024-ல் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்தாயிற்று. கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு லினக்ஸ் தெரிவது அங்கே கூடுதல் தகுதிதான், குறைச்சல் இல்லை.

தொழில் செய்கிற உறுப்பினர்களுக்கும் ஒன்று. மசாலா, ஊறுகாய், அப்பளம் பாக்கெட்டுக்கு லேபிள் போட இங்க்ஸ்கேப் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு. அதோடு இங்க்ஸ்டிச் என்ற இணைப்பைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினுக்கான டிசைன் ஃபைலே தயாரிக்கலாம். ஜாக்கெட் டிசைனுக்கு வெளியில் காசு கொடுத்து ஃபைல் வாங்குகிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இது இரண்டும் விண்டோஸிலும் ஓடும்.

செலவு? மின்டுக்குக் காசில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகக் கூடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்து, பில்லோடு வாங்கலாம் என்பது எங்கள் யோசனை. செலவென்று பார்த்தால் அது ஒன்றுதான். புது கம்ப்யூட்டருக்கு ஆகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மீதியை உள்கடனில் விட்டால் வட்டியாவது வரும்.

வீட்டில் முயற்சி செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நிறுவும்போது 'டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு தேர்வு வரும். அதை அமுக்கினால் கல்யாண போட்டோ, பிள்ளையின் மார்க் ஷீட் ஸ்கேன், எல்லாம் போய்விடும். திரும்ப வராது. அதனால் முதலில் ஃபைல்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்து, இரண்டையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகுதான் கையை வைக்க வேண்டும். மின்ட் ஏற்றுகிற பென்டிரைவும் முழுக்க அழியும், அதில் எதுவும் வைக்காதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகியே வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும், பாதியில் கரண்ட் போனால் வேலை கெடும்.

எங்கள் பரிந்துரையைத் தீர்மானமாக வைத்திருக்கிறோம். அலுவலகக் கம்ப்யூட்டரில் மின்ட் மட்டும், பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே பீரோவில் ஆறு மாதம் பத்திரமாக வைப்பது, பேரேடு எழுதும் இருவருக்கும் முதலில் பயிற்சி, கையெழுத்துப் பதிவேடுகளை நிறுத்தாமல் தொடர்வது. மறுப்பு உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் எழுதிக் கொடுங்கள், படித்துவிட்டுத்தான் ஓட்டுக்கு விடுவோம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் பயிற்சி. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று காலியாகக் கொண்டு வாருங்கள். வீட்டுப் பரணில் பிள்ளைகளின் பழைய அரசு லேப்டாப் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், ஓட்டிப் பார்ப்போம். சார்ஜரை மறந்துடாதீங்க. பேட்டரி உப்பியிருக்கிற லேப்டாப்பை மட்டும் ஆன் பண்ணவே பண்ணாதீங்க, அப்படியே எங்களிடம் காட்டுங்க.